இரண்டு வகுப்பு, ஒரு வினாநிரல்: மாணவர் ஊக்கத்தை ஆராய எந்த வடிவமைப்பு தாங்கும்?

ஆய்வு முன்மொழிவுகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலை எனக்கு அடிக்கடி வரும். அவற்றில் ஒரு வகை திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. ஏ பிரிவுக்குப் புதிய கற்பித்தல் முறை, பி பிரிவுக்கு வழக்கமான முறை, இரண்டிலும் 30 பேர், தொடக்கத்தில் ஊக்கத்தை அளக்கும் ஒரு வினாநிரல், ஆறு வாரம் கழித்து அதே வினாநிரல், கடைசியில் இரண்டு சராசரிகளை ஒப்பிடும் ஒரு டி-சோதனை. பார்க்கச் சுத்தமாக இருக்கும். அட்டவணை போட வசதி, வழிகாட்டியும் சரி என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்.

நானும் என் முதல் ஆய்வை இப்படித்தான் செய்தேன். வாய்மொழித் தேர்வில் ஒருவர் கேட்டார்: "ரெண்டு வகுப்புக்கும் ஒரே ஆசிரியரா?" இல்லை, வேறு வேறு ஆசிரியர்கள் என்றேன். "அப்போ நீங்க அளந்தது முறையையா, ஆசிரியரையா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. தேர்வு நல்லபடியாகவே முடிந்தது, ஆனால் 60 பிள்ளைகள் தலையைக் குனிந்து நிரப்பிக் கொடுத்த அந்தத் தாள்கள் நான் எழுதிய முடிவைத் தாங்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது. அவர்களுடைய நேரத்தை எடுத்துக்கொண்டேன், பதிலுக்கு உருப்படியாக ஒன்றும் தரவில்லை. அதனால்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். ஊக்கம் பற்றி எண்களை வைத்து ஆராயப் போகிறவர் முன்னால் இருக்கும் வழிகள் என்னென்ன, எது எதைத் தாங்கும், எதற்கு எவ்வளவு பாடு படவேண்டும் என்று பார்ப்போம்.

பேச வசதியாக ஒரே கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். வீட்டுப்பாடத்தில் எந்தக் கணக்குகளைச் செய்வது என்று மாணவர்களே தேர்ந்துகொள்ள விட்டால் அவர்களுக்குப் பாடத்தில் ஊக்கம் கூடுமா? டெசி, ரயான் இருவரும் வளர்த்தெடுத்த சுயநிர்ணயக் கோட்பாடு கூடும் என்கிறது. தன்விருப்பம், திறன் உணர்வு, பிறரோடு ஒட்டுறவு ஆகிய மூன்றும் கிடைக்கும் இடத்தில் உள்ளிருந்து வரும் ஊக்கம் தழைக்கும் என்பது அதன் சாரம். கோட்பாடு இருக்கட்டும், நம் வகுப்பில் அது நடக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மலிவான வழி கருத்தாய்வு. ஒருநாள் போய் 300 மாணவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, "உங்கள் ஆசிரியர் உங்களுக்குத் தேர்வு செய்யும் சுதந்திரம் தருகிறாரா?" என்று சில கூற்றுகள், "இந்தப் பாடம் எனக்குப் பிடித்திருக்கிறது" என்று சில கூற்றுகள், இரண்டுக்கும் தொடர்பு பார்ப்பது. நல்ல தொடர்பு வந்தே தீரும். காரணம் எளிது: ஒரே பிள்ளை, ஒரே தாளில், ஒரே மனநிலையில் இரண்டுக்கும் பதில் சொல்கிறது. அன்று காலை ஆசிரியர் பாராட்டியிருந்தால் இரண்டு பத்தியிலும் மதிப்பெண் ஏறும், திட்டியிருந்தால் இரண்டிலும் இறங்கும். எதைக் கேட்டாலும் நடுவில் குறியிடும் பிள்ளைகள், எதைக் கேட்டாலும் ஆமாம் என்னும் பிள்ளைகள் வேறு. இதைத் தவிர, ஊக்கமுள்ள பிள்ளையைத்தான் ஆசிரியர் நம்பிச் சுதந்திரமாக விடுகிறார் என்ற எதிர்த்திசையும் இருக்கிறது. எது முன், எது பின் என்று ஒருநாள் தாளில் தெரியவே தெரியாது.

அதற்காகக் கருத்தாய்வைக் குப்பை என்று சொல்லமாட்டேன். ஒரு வினாநிரல் உங்கள் மாணவர்களிடம் வேலை செய்கிறதா என்று சோதிக்க அதைவிட நல்ல வழி இல்லை. எந்த வகுப்பில் ஊக்கம் தாழ்ந்து கிடக்கிறது என்று படம் பிடித்துக் காட்டவும் அது போதும். ஒரு சின்ன மாற்றம் செய்தாலே அதன் தரம் ஏறிவிடும்: வகுப்பில் பாதிப்பேரிடம் ஆசிரியரைப் பற்றி மட்டும் கேளுங்கள், மீதிப் பாதியிடம் அவர்களுடைய ஊக்கத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள், பிறகு வகுப்புச் சராசரிகளை ஒப்பிடுங்கள். தன் மனநிலையே இரண்டு பக்கமும் பாயும் கோளாறு போய்விடும். தொடர்பு சிறுத்துப்போகும், ஆனால் மிஞ்சியது உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும். என்ன, வகுப்புகள் நிறைய வேண்டும். எப்படிச் செய்தாலும் தலைப்பில் "விளைவு", "தாக்கம்" என்ற சொற்களைப் போடாதீர்கள். அந்தச் சொற்களுக்கு இந்த வடிவமைப்பில் இடமில்லை.

அடுத்தது ஒரே வகுப்பில் முன் சோதனை, பின் சோதனை. இதைப் பற்றி நிறையப் பேச விருப்பமில்லை. 1963இல் கேம்ப்பெலும் ஸ்டான்லியும் ஆய்வு வடிவமைப்புகளை வரிசைப்படுத்தியபோதே இதன் ஓட்டைகளை எடுத்துச் சொல்லிவிட்டார்கள். ஊக்கம் விஷயத்தில் இரண்டு ஓட்டைகள் ரொம்பப் பெரியவை. முதலாவது, ஊக்கத்துக்கு ஒரு பருவகாலம் உண்டு. ஆண்டின் முதல் வாரத்தில் புதுப் புத்தக வாசனையோடு இருக்கும் பிள்ளையும் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் இருக்கும் பிள்ளையும் ஒன்றல்ல. வருடம் வருடமாகப் பார்த்தாலும், மேல்வகுப்புக்குப் போகப் போகப் பாடத்தின் மீதான ஆர்வம் சராசரியாகக் குறைந்துகொண்டே வருகிறது என்பதை நெடுங்கால ஆய்வுகள் பல காட்டியிருக்கின்றன. அப்படியிருக்க, உங்கள் வகுப்பில் முன்னும் பின்னும் ஒரே மதிப்பெண் வந்தால் அது தோல்வியா, விழ இருந்ததைத் தாங்கிப் பிடித்த வெற்றியா? ஒப்பிட வேறொரு குழு இல்லாமல் சொல்லமுடியாது.

இரண்டாவது, ஊக்கம் குறைந்தவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துச் சோதிக்கும் பழக்கம். முதல் நாள் தாழ்ந்த மதிப்பெண் எடுத்தவர்களில் சிலர் அன்று தலைவலியோடு வந்தவர்கள். மறுமுறை அவர்கள் தாமாகவே ஏறிவிடுவார்கள். கணக்கு போட்டுக் காட்டுகிறேன்: இரண்டு முறை அளந்ததற்கு இடையே உள்ள தொடர்பு 0.7 என்றால் (முழுக்க ஒத்துப்போனால் 1, தொடர்பே இல்லை என்றால் 0), சராசரிக்கு 10 புள்ளி கீழே இருந்த ஒரு குழு அடுத்த முறை 7 புள்ளிதான் கீழே இருக்கும். நீங்கள் ஒன்றுமே செய்யாமல் 3 புள்ளி முன்னேற்றம். அந்த 3 புள்ளியை எடுத்துக் கற்பித்தல் முறையின் கணக்கில் வரவு வைத்தால் அது தவறான வரவு.

இப்போது அந்த இரண்டு வகுப்பு வடிவமைப்புக்கு வருகிறேன். பலருக்கும் இதுதான் கைக்கு எட்டுவது என்பதால் இதில் கொஞ்சம் நிற்கவேண்டும்.

ஒப்பிட ஒரு குழு இருப்பது பெரிய முன்னேற்றம், சந்தேகமில்லை. பருவகால ஏற்ற இறக்கம் இரண்டு வகுப்புக்கும் பொதுவாகிவிடும். ஆனால் ஏ பிரிவுக்கும் பி பிரிவுக்கும் உள்ள வித்தியாசம் கற்பித்தல் முறை ஒன்றுதானா? ஆசிரியர் வேறு. ஒன்று காலை முதல் பாடவேளை, மற்றொன்று சாப்பாட்டுக்குப் பிந்தைய பாடவேளை. ஒன்றில் எல்லோரையும் சிரிக்கவைக்கும் ஒரு பையன், மற்றொன்றில் எப்போதும் முறைத்துக்கொள்ளும் இரண்டு கும்பல். ஒரே ஆசிரியர்தான் இரண்டுக்கும் போகிறார் என்று வைத்துக்கொண்டாலும், அவருக்கே புதிய முறையில் நம்பிக்கை இருந்தால் அந்த உற்சாகம் ஏ பிரிவில் குரலிலேயே தெரிந்துவிடும். புதிதாக ஏதோ நடக்கிறது, தங்களை யாரோ கவனிக்கிறார்கள் என்பதே பிள்ளைகளை ஆறு வாரம் உற்சாகமாக வைத்திருக்கப் போதும். இவ்வளவும் ஒரே பொட்டலமாகக் கட்டி வருகிறது. அதில் முறையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்க எந்தப் புள்ளியியலும் உதவாது.

எண்ணிக்கையில் ஒரு பொறியும் இருக்கிறது, பலர் விழுவது இங்கேதான். 60 மாணவர்கள் இருக்கிறார்களே என்று நினைக்கிறோம். ஆனால் மாற்றம் கொடுக்கப்பட்டது வகுப்புக்கு. ஒரே வகுப்பில் இருப்பவர்கள் ஒரே காற்றைச் சுவாசிக்கிறார்கள், ஒருவர் மனநிலை மற்றவரைத் தொற்றுகிறது, எனவே அவர்கள் 30 தனித்தனிச் சாட்சிகள் அல்ல. இதற்கு ஒரு சூத்திரம் உண்டு: வகுப்பில் எத்தனை பேரோ அதில் ஒன்றைக் கழித்து, வகுப்புக்குள் இருக்கும் ஒற்றுமையின் அளவால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். 30 பேர், ஒற்றுமை 0.1 என்றால் 29 × 0.1 + 1, அதாவது 3.9. உங்கள் மாதிரியை 3.9ஆல் வகுக்கவேண்டும். 60 பேர் சுமார் 15 பேர் ஆகிவிடுகிறார்கள்! இதுகூடச் சலுகைக் கணக்குதான். குழுவுக்கு ஒரே வகுப்பு இருக்கும்போது வகுப்புக்கு வகுப்பு இயல்பாக எவ்வளவு மாறும் என்பதை மதிப்பிடவே வழியில்லை. ஆக உங்களிடம் இருப்பது இரண்டே இரண்டு சாட்சிகள். ஒன்று உயர்ந்தது, மற்றொன்று உயரவில்லை. நாணயத்தைச் சுண்டினாலும் பாதி வாய்ப்பு அதற்கு உண்டு.

"முன் சோதனை மதிப்பெண்ணை வைத்துச் சரிசெய்துவிடுவேன்" என்று சொல்வார்கள். இணைமாறுபாட்டுப் பகுப்பாய்வு போட்டால் தொடக்க வேறுபாடு சமமாகிவிடும் என்ற நம்பிக்கை. 1967இல் ஃப்ரெடரிக் லார்ட் இரண்டு பக்கத்தில் ஒரு புதிர் எழுதினார். மாணவர்களின் உடல் எடையை ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் எடுக்கிறார்கள். ஒரு புள்ளியியலாளர் எடையில் வந்த மாற்றத்தைப் பார்த்து ஆண், பெண் இருவருக்கும் இடையே வேறுபாடே இல்லை என்கிறார். இன்னொருவர் தொடக்க எடையைச் சரிசெய்துவிட்டுப் பெரிய வேறுபாடு இருக்கிறது என்கிறார். தரவு ஒன்றுதான், இருவர் கணக்கும் சரிதான். குழுக்கள் தொடக்கத்திலேயே வேறு வேறாக இருந்தால் எந்தச் சரிசெய்தல் சரி என்பதைத் தரவு சொல்லாது. உங்கள் ஆய்விலும் இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். விடைகள் பிரிந்து போனால், கையில் இருப்பது முடிவு அல்ல, உங்கள் அனுமானத்தின் நிழல் என்று புரிந்துகொள்ளலாம்.

சரி, அப்புறம் என்னதான் செய்வது? எனக்குப் பிடித்த வழி, வகுப்புக்கு உள்ளேயே குலுக்கிப் போடுவது. நூல்களில் சமவாய்ப்பு ஒதுக்கீடு என்று எழுதுவார்கள்.

இது எப்படி இருக்கும் என்று பக்கத்தில் இருந்து காட்டுகிறேன். 32 பழுப்பு உறைகள், எல்லாம் ஒரே அளவு. ஒவ்வொன்றின் மேலும் ஒரு மாணவரின் பெயர். உள்ளே இருக்கும் தாளில் மேல்பாதி எல்லோருக்கும் ஒன்றே: தலைப்பு, தேதி, பத்துக் கணக்குகள். கீழ்ப்பாதியில் மட்டும் 16 பேருக்கு "இவற்றில் உங்களுக்குப் பிடித்த ஐந்தைச் செய்யுங்கள்" என்று இருக்கும், மற்ற 16 பேருக்கு "இவற்றில் குறியிட்ட ஐந்தைச் செய்யுங்கள்" என்று இருக்கும். யாருக்கு எது என்பதை முந்தைய நாள் இரவே கணினியைக் கொண்டு குலுக்கி, பட்டியலைப் பூட்டி வைத்தாயிற்று. ஆசிரியர் உறைகளைக் கொடுக்கிறார், யாரிடம் எது இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதே அறை, அதே ஆசிரியர், அதே பாடவேளை, சிரிக்கவைக்கும் அந்தப் பையனும் அங்கேதான் இருக்கிறான். மேலே சொன்ன பொட்டலம் முழுக்க இரண்டு குழுவுக்கும் பொதுவாகிவிட்டது. மிஞ்சியது அந்த ஒரு வரி மட்டும்.

இதன் வலிமையைக் காட்ட இரண்டு பழைய ஆய்வுகள் போதும். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் படம் வரைவதில் ஏற்கனவே ஆர்வமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு என்று முன்பே சொன்னார்கள், ஒரு பகுதிக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள், மூன்றாவது பகுதிக்கு ஒன்றுமில்லை. பிறகு சில நாள் கழித்து, விளையாட்டு நேரத்தில் யார் தாமாகப் போய் வரைகிறார்கள் என்று மறைவில் இருந்து பார்த்தார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்தவர்கள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதிதான் வரைந்தார்கள். மொத்தம் 51 குழந்தைகள்தான். குலுக்கலும் நல்ல அளவீடும் இருந்ததால் அந்தச் சின்ன ஆய்வு இன்றும் நிற்கிறது. 2009இல் ஹல்லமன், ஹராக்கீவிச் இருவரும் 262 உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வகுப்புக்குள்ளேயே பிரித்து, ஒரு பகுதியினரை அறிவியல் பாடம் தம் வாழ்க்கைக்கு எப்படிப் பயன்படும் என்று அவ்வப்போது எழுதச் சொன்னார்கள், மற்றவர்களைப் பாடத்தின் சுருக்கத்தை எழுதச் சொன்னார்கள். தன்னால் முடியாது என்று நினைத்திருந்த மாணவர்களிடம் ஆர்வமும் மதிப்பெண்ணும் ஏறின. தன்னம்பிக்கை ஏற்கனவே இருந்தவர்களிடம் அப்படி ஒன்றும் நிகழவில்லை. வகுப்புச் சராசரியை மட்டும் பார்த்திருந்தால் இந்த உண்மை கண்ணில் பட்டிருக்காது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. பிள்ளைகள் ஒருவர் தாளை ஒருவர் எட்டிப் பார்ப்பார்கள். ஒருமுறை இரண்டாவது நாளே பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது: "உனக்கு மட்டும் ஏன் பிடிச்சதைப் போடச் சொல்லியிருக்கு?" அவ்வளவுதான், கலப்பு தொடங்கிவிட்டது. தேர்வுரிமை கிடைக்காத பிள்ளை இப்போது வெறுமனே தேர்வுரிமை இல்லாதவர் அல்ல, தனக்கு மறுக்கப்பட்டது என்று தெரிந்தவர். வேறுபாடு பெரிதாகத் தெரியும், ஆனால் அதில் ஒரு பகுதி மனக்கசப்பு. அதனால் எழுதிக் கொடுக்கும் வகை மாற்றங்கள், கணினித் திரையில் தனித்தனியாகச் செய்யும் பயிற்சிகள், வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் தாள்கள் போன்றவைதான் இதற்குத் தோது. 2019இல் வெளியான யேகர் குழுவின் ஆய்வு இப்படித்தான் நடந்தது. அறிவுத்திறன் வளரக்கூடியது என்று சொல்லும், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பயிற்சி, கணினியே மாணவர்களைப் பிரித்துக்கொண்டது. படிப்பில் பின்தங்கியவர்களின் தரப்புள்ளி, அதாவது பாடங்களில் வாங்கிய தரங்களின் சராசரி எண், 0.10 உயர்ந்தது. சின்ன எண்தான், ஆனால் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான வேலைக்குக் கிடைத்த, நம்பத்தகுந்த எண். குழு விவாதம், ஆசிரியர் பேசும் விதம், இருக்கை அமைப்பு மாதிரியானவற்றை இப்படிப் பாதி வகுப்புக்குக் கொடுக்கமுடியாது.

அந்த மாதிரியானவற்றுக்கு வகுப்புகளையே குலுக்கவேண்டும். எத்தனை வகுப்பு? பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம், விரல்விட்டு எண்ணலாம். நான்கு வகுப்பை இரண்டு இரண்டாகப் பிரிக்க 6 வழிகள். ஆறு வகுப்பை மூன்று மூன்றாகப் பிரிக்க 20 வழிகள். எல்லாமே உங்களுக்குச் சாதகமாக, புதிய முறை கிடைத்த மூன்று வகுப்புமே மற்ற மூன்றையும் மிஞ்சிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் தற்செயலாக இப்படி ஒரு பக்கமோ மறுபக்கமோ அமைய 20இல் 2 வாய்ப்பு, அதாவது 0.10. தற்செயல் அல்ல என்று ஏற்க வழக்கமாகக் கேட்கும் 0.05 எல்லையைத் தொடவே முடியாது. எட்டு வகுப்பை நான்கு நான்காகப் பிரித்தால் 70 வழிகள், 70இல் 2 என்பது சுமார் 0.03. ஆக எட்டுக்குக் கீழே இறங்கினால் ஆட்டமே தொடங்கவில்லை என்று பொருள். எட்டு என்பதும் வாசல்படிதான், உள்ளே வசதியாக உட்கார இருபது, முப்பது வேண்டும். ஜெர்மனியில் கணிதப் பாடத்தின் பயனை உணர்த்தும் ஒரு ஆய்வுக்கு 82 வகுப்புகளை எடுத்தார்கள். தனி ஆளாகச் செய்கிறவருக்கு அது கனவு என்பது தெரியும்.

ஆனாலும் ஒரு வழி இருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதில்லை: வகுப்புகளைக் கூட்டுங்கள், ஒவ்வொரு வகுப்பிலும் ஆட்களைக் குறையுங்கள். இரண்டு வகுப்பில் தலா 30 பேரைக் கேட்பதற்குப் பதில் பன்னிரண்டு வகுப்பில் பத்துப் பத்துப் பேரைக் குலுக்கி எடுத்துக் கேட்டால் தாள் இருமடங்கு ஆகும், ஆனால் சாட்சிகள் இரண்டிலிருந்து பன்னிரண்டாகிவிடும். அலைச்சல் கூடும், பன்னிரண்டு ஆசிரியர்களைச் சம்மதிக்கவைக்கவேண்டும். அதற்குக் காத்திருப்பு முறை உதவும். குலுக்கலில் ஆறு வகுப்புக்கு இப்போது, மற்ற ஆறுக்கு அடுத்த பருவத்தில் என்று சொன்னால் யாருக்கும் மறுப்பு இல்லை, எல்லோருக்கும் கிடைக்கப் போகிறது. ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு நல்லதை மறுக்கிறோமே என்ற மனச்சங்கடமும் தீரும். எனக்கு இந்த முறையில் பிடித்ததே அதுதான்.

நெடுங்கால ஆய்வு என்று இன்னொரு வழியும் உண்டு, அதே மாணவர்களை மூன்று நான்கு முறை அளந்துகொண்டே போவது. கோழி முதலா, முட்டை முதலா என்பதைக் காலவரிசையை வைத்துப் பிடிக்கலாம் என்பது இதன் கவர்ச்சி. ஆனால் எப்போதும் ஊக்கமாக இருக்கும் பிள்ளைக்கும் எப்போதும் சோர்ந்திருக்கும் பிள்ளைக்கும் உள்ள நிலையான வேறுபாட்டையும், ஒரே பிள்ளைக்குள் வாரத்துக்கு வாரம் நடக்கும் ஏற்ற இறக்கத்தையும் பிரிக்காமல், முந்தைய அளவீட்டை வைத்து அடுத்ததைக் கணிக்கும் பழைய குறுக்குத் தாமத மாதிரியைப் போட்டால் இரண்டும் கலந்து தவறான விடை வரும் என்று 2015இல் ஹமேக்கரும் உடன் ஆய்வாளர்களும் தெளிவாகக் காட்டினார்கள். பிரிப்பதற்குக் குறைந்தது மூன்று அளவீடுகள் வேண்டும். இரண்டு முறை மட்டும் அளந்துவிட்டு இது அதற்குக் காரணம் என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை.

வடிவமைப்பு எதுவானாலும் அளவுகோல் சொதப்பினால் எல்லாம் வீண். ஊக்கத்தையும் படிக்கும் உத்திகளையும் அளக்கப் பின்ட்ரிச் குழு உருவாக்கிய எம்.எஸ்.எல்.க்யூ. வினாநிரலில் 81 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் ஏழு படிநிலைகள். கல்லூரி மாணவர்களுக்காகச் செய்தது அது. அதை அப்படியே மொழிபெயர்த்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். முதல் பக்கம் நிதானமாகப் போகும். இரண்டாம் பக்கத்தில் பேனா வேகமெடுக்கும். மூன்றாம் பக்கத்தில் 4, 4, 4, 4 என்று மேலிருந்து கீழே ஒரே கோடு. அப்படிக் கோடு போட்ட தாள்கள் கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் நம்பகத்தன்மைக் குணகத்தை உயர்த்திக் காட்டவும் கூடும், எல்லாக் கூற்றுக்கும் ஒரே பதில்தானே! அந்தக் குணகம், க்ரான்பாக் ஆல்ஃபா, 0.9 வந்துவிட்டது என்று மகிழும் முன் தாள்களைக் கையில் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். உங்கள் கேள்விக்குத் தேவையான எட்டு, பத்துக் கூற்றுகள் போதும். ஆசிரியர் அறைக்கு வெளியே நிற்கட்டும், தாளில் பெயருக்குப் பதில் குறியீடு இருக்கட்டும்.

முடிந்தால் வினாநிரலோடு ஒரு செயலையும் அளந்துவிடுங்கள். அந்த மழலையர் ஆய்வின் உயிரே அங்கேதான் இருக்கிறது. யாரும் குழந்தைகளிடம் பிடித்திருக்கிறதா என்று கேட்கவில்லை, தாமாகச் செய்கிறார்களா என்று பார்த்தார்கள். நம் உதாரணத்தில், கடைசி நாள் மேசையில் மதிப்பெண் இல்லாத சில புதிர்த்தாள்களை வைத்து, "வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போகலாம்" என்று சொல்லிவிட்டு யார் எடுத்தார்கள் என்று குறித்தால் போதும்.

பின் சோதனை அன்று வராதவர்களை விட்டுவிடாதீர்கள். ஊக்கம் குறைந்த பிள்ளைதான் அடிக்கடி வராமல் இருப்பது. புதிய முறை வகுப்பில் 2 பேர் வரவில்லை, பழைய முறை வகுப்பில் 7 பேர் வரவில்லை என்றால், பழைய முறையின் சராசரி பொய்யாக உயர்ந்திருக்கும். அடுத்த நாள், அதற்கடுத்த நாள் போய் வாங்குங்கள். முடியவில்லை என்றால் எந்தக் குழுவில் எத்தனை பேர் விட்டுப்போனார்கள் என்பதை முதல் அட்டவணையிலேயே போடுங்கள்.

எத்தனை பேர் வேண்டும் என்ற கேள்வி எல்லோரும் கேட்பது. தனித்தனி மாணவர்களைக் குலுக்கினால், அரைத் திட்ட விலக்க அளவு, அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் தூரத்தில் பாதி (0.5), விளைவைப் பத்தில் எட்டு முறை பிடிக்கக் குழுவுக்கு 64 பேர். விளைவு 0.2 அளவுதான் என்றால் குழுவுக்குச் சுமார் 390 பேர். பள்ளியில் நடக்கும் ஊக்க மாற்றங்கள் 0.5ஐ விட 0.2க்குப் பக்கத்தில் இருக்கவே அதிக வாய்ப்பு, எனவே 0.5 என்று எழுதி மனதைத் தேற்றிக்கொள்ளவேண்டாம். முன் சோதனை இங்கேதான் உண்மையில் உதவுகிறது. முன்னுக்கும் பின்னுக்கும் தொடர்பு 0.7 இருந்தால் தேவையான ஆட்கள் ஏறத்தாழப் பாதியாகிவிடுவார்கள். குலுக்கல் நடந்த இடத்தில் முன் சோதனையை வைத்துச் சரிசெய்வதில் லார்ட் சொன்ன சிக்கலும் இல்லை.

ஆக என் தேர்வு இதுதான். நீங்கள் மாற்றப் போவது ஒரு மாணவர் கையில் தனியாகக் கொடுக்கக்கூடியது என்றால் வகுப்புக்குள் குலுக்குங்கள், இரண்டாம் யோசனையே வேண்டாம். வகுப்பு முழுவதற்கும்தான் கொடுக்கமுடியும் என்றால் எட்டு வகுப்புக்கு மேல் தேடுங்கள், காத்திருப்பு முறையில் செய்யுங்கள். எட்டுக் கிடைக்காது, இரண்டுதான் என்றால், அந்த இரண்டையும் வைத்து முறையின் விளைவை நிரூபிக்க முயல்வதைவிட நல்ல கருத்தாய்வு ஒன்று செய்வது மேல், அல்லது இது முன்னோட்டம் மட்டுமே, நடைமுறையில் முடிகிறதா, அளவுகோல் வேலை செய்கிறதா என்று பார்க்கிறோம் என்று தலைப்பிலேயே எழுதிவிடுவது மேல்.

போன மாதம் ஒரு இளம் ஆசிரியை அதே ஏ பிரிவு, பி பிரிவு முன்மொழிவோடு என்னிடம் வந்தார். "எனக்கு ரெண்டு வகுப்புதான் சார் கொடுத்திருக்காங்க, வேற வழியில்ல" என்றார். அவர் மாற்ற நினைத்தது என்ன என்று கேட்டேன். வாராந்திர வீட்டுப்பாடத் தாள், மாணவர்களே கணக்கைத் தேர்வு செய்யும் வகையில். "தாள்தானே? அப்புறம் ஏன் வகுப்பைப் பிரிக்கிறீங்க?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு இரண்டு வகுப்பின் பெயர்ப் பட்டியலையும் எடுத்து மேசையில் வைத்தார், மொத்தம் 68 பெயர்கள். வீட்டுக்கு ஒட்டிய உறையில் கொடுத்து அனுப்புவது, ஒட்டிய உறையிலேயே திரும்ப வாங்குவது, நான்கு வாரம் கழித்து இரண்டு குழுவும் இடம் மாறிக்கொள்வது என்று பேசி முடித்தோம். இடம் மாறுவதால் ஒவ்வொரு பிள்ளையும் தனக்குத்தானே ஒப்பீடாகிவிடுகிறது. முதல் நான்கு வாரத்தின் பழக்கம் அடுத்த நான்கு வாரத்துக்கும் ஒட்டிக்கொண்டு வரலாம் என்ற ஆபத்து இருக்கிறது, அதைச் சொன்னேன். அதனால் முதல் பாதியைத் தனியாகவும் பகுப்பாய்வு செய்வதாக முன்மொழிவில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார். குலுக்கலை அங்கேயே, என் கணினியில் செய்தோம். பட்டியலை அச்செடுத்து, மடித்து, வகுப்புக்குப் போகாத இன்னொரு ஆசிரியரிடம் கொடுத்து வைக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.